60 லட்சத்துக்குள் சொகுசு கிராஸ்ஓவர்: டெல்டா ரோட்டுக்கு எது சரிப்படும்?

#1 மன்னை_ஆலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துல அரிசி ஆலை வச்சிருக்கேன். இப்ப ஓடுறது இன்னோவா கிரிஸ்டா. வண்டி மேல ஒரு குறையும் இல்லை. பையன் சம்பாதிக்க ஆரம்பிச்சதுல இருந்து "அப்பா, நீங்களும் ஒரு நல்ல வண்டியில போகணும்"னு ஒரே பிடியா நிக்கிறான். ஆன்ரோடு 60 லட்சம் வரை போகலாம். ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னா இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம்.

லிஸ்ட்ல இருக்கறது பிஎம்டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ, ஆடி க்யூ3. வால்வோ எக்ஸ்சி60 மேல ஒரு கண்ணு உண்டு, விலைதான் எட்டலை.

ஓட்டம் இப்படி: வீட்டுல இருந்து ஆலை 4 கிலோமீட்டர், தினம் நாலு நடை. வாரத்துல ஒரு தரம் தஞ்சாவூர், இல்லன்னா திருச்சி ஏர்போர்ட். மாசம் ஒரு தரம் சென்னை. அப்பாவுக்கு 78 வயசு, ரெண்டு முட்டியும் தகராறு, வேட்டியோட ஏறி இறங்கணும். அம்மாவுக்கு ஏசி நேரா மூஞ்சில அடிக்கக் கூடாது.

யூட்யூப்ல பார்க்காத வீடியோ இல்லை. 64 கலர்ல உள்ளுக்குள்ள லைட்டு எரியறதைக் கால் மணி நேரம் காட்டுறாங்க. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நின்னு ஒருத்தரும் காட்ட மாட்டேங்கறாங்க. இந்தப் பக்கம் ஓட்டுறவங்க சொல்லுங்க.

#2 டீசல்_துரை

அண்ணே, ஃபார்ச்சூனர் எடுத்துட்டு நிம்மதியா இருங்க. 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக்ல 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். திருவாரூர்ல எந்த மெக்கானிக்கும் பயப்படாம கை வைப்பான். அஞ்சு வருஷம் கழிச்சு வித்தாலும் ஆள் நிப்பான்.

கண்டிப்பா ஜெர்மன்காரன்தான் வேணும்னா எக்ஸ்1 டீசல். 150 குதிரைதான், ஆனா 360 நியூட்டன் மீட்டர் இழுவை. அதுலயே பெட்ரோல் எடுத்தா 1.5 லிட்டர், மூணு சிலிண்டர், 230 நியூட்டன் மீட்டர். அம்பது லட்சத்துக்கு மூணு சிலிண்டரா? எனக்கு மனசு வராது.

#3 அரசலாறு

ஐயா, ஓய்வு பெற்ற வங்கிக்காரன், கும்பகோணம். கடன் கேட்டு வருபவர்களின் கொட்டேஷன்களைப் பார்த்துப் பார்த்து இந்த வண்டிகளின் கணக்கு எனக்கு மனப்பாடம்.

நீங்கள் சொன்ன மூன்றும் லேடர் சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைத்த ஜீப் வகை அல்ல. கார் தளத்தில் கட்டிய உயரமான கார்கள். ஜிஎல்ஏ, ஏ-கிளாஸ் தளத்தைச் சேர்ந்தது. க்யூ3, ஃபோக்ஸ்வாகன் டிகுவான் நிற்கும் அதே குடும்பத் தளம். எக்ஸ்1, மினி கன்ட்ரிமேனுக்கு உடன்பிறப்பு. இது குறையில்லை. ஃபார்ச்சூனரில் கால் தூக்கி ஏற வேண்டிய உயரம் இவற்றில் இல்லை, வளைவில் ஆட்டமும் குறைவு. 78 வயது முட்டிக்கு ஃபார்ச்சூனரைப் பரிந்துரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, துரை தம்பி மன்னிக்க.

எஞ்சின் கணக்கு: க்யூ3-ல் 2.0 லிட்டர் பெட்ரோல், 190 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரமும் இழுக்கும் குவாட்ரோ. ஜிஎல்ஏ 200-ல் 1.3 லிட்டர் பெட்ரோல், 163 குதிரை, 270 நியூட்டன் மீட்டர், முன்சக்கர இழுவை. ஜிஎல்ஏ 220டி-யில் 190 குதிரை டீசல், 400 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கர இழுவை. ஆடி 2020-ல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததும் இந்தியாவில் டீசலையே கைவிட்டுவிட்டது. வால்வோவிலும் இப்போது டீசல் கிடையாது.

வரியை மறக்க வேண்டாம். 2023 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 50 லட்சம் கார் என்றால் அதிலேயே 10 லட்சம் போய்விடும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பவரே 1 சதவீதம் டிசிஎஸ் என்ற வரியாகப் பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும். நல்ல செய்தி ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 50 ஆக இருந்தது ஒரே 40 ஆகிவிட்டது. ஆகவே பழைய வீடியோக்களில் சொல்லும் விலையை நம்பாதீர்கள்.

#4 லிஃப்டுக்கு_அடியில்

மேல எல்லாரும் எஞ்சின் பவர் பேசறீங்க. நான் வண்டிக்கு அடியில நிக்கறவன். சொகுசு கார் ஒர்க்‌ஷாப்புல பல வருஷம் வேலை, எந்தக் கம்பெனின்னு வேண்டாம். இப்போ சொந்தமா ஷெட்.

ஆலைக்கார அண்ணன் சொன்னதுல எனக்கு முதல்ல உறுத்தினது "4 கிலோமீட்டர், நாலு நடை". டீசல் வண்டின்னா அதுதான் எமன். பிஎஸ்6 டீசல் எல்லாத்துலயும் எக்ஸாஸ்ட்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி உண்டு. கரியைப் பிடிச்சு வச்சுக்கும். பிடிச்ச கரியை அப்பப்ப எரிச்சுச் சாம்பலாக்கணும். அதுக்கு உள்ள சூடு 600 டிகிரி பக்கத்துல ஏறணும். ஹைவேயில கால் மணி, இருபது நிமிஷம் ஒரே சீரா ஓடினா அதுவே எரிச்சுக்கும். 4 கிலோமீட்டர்ல எஞ்சினே ஒழுங்கா சூடாகாது. வண்டி எரிக்க ஆரம்பிக்கும், நீங்க ஆலை வாசல்ல சாவியை அணைச்சிடுவீங்க. மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணைப்பீங்க. எரிக்கறதுக்காகக் கூடுதலா ஊத்துன டீசல் எஞ்சின் ஆயில்ல கலந்துடும். டிப்ஸ்டிக் இருக்கற வண்டியில பார்த்தா ஆயில் குறையறதுக்குப் பதிலா ஏறியிருக்கும். ஆயில் ஏறினா நல்லதுன்னு நினைச்சுட்டுப் போன ஆளும் உண்டு.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்கே உள்ளது. அறுவடை சமயத்துல ரோட்டுல நெல்லு காயும். கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம் கேக்கறாங்க, களத்துல இடம் இல்லை, அவங்க வேற எங்க போவாங்க. அது பக்கத்துலயே வைக்கோலும் கிடக்கும். அதுமேல ஏத்தி ஓட்டிட்டு வந்த ஒரு வண்டியை லிஃப்ட்ல தூக்கினேன். ரெண்டு டிரைவ் ஷாஃப்ட்லயும் வைக்கோல் பிரி சுத்தின மாதிரி இறுக்கிச் சுத்தியிருந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் இருந்தது முழுக்கப் பழுப்பாகி, தொட்டா பொடியா உதிருது, கருகல் வாசனை. வயர் கட்டர் வச்சு நறுக்கி நறுக்கித்தான் எடுத்தோம். டிபிஎஃப் எரிச்சுக்கிட்டிருக்கற நேரத்துல அந்த வைக்கோல் மேல வண்டியை நிறுத்தினா என்ன ஆகும்னு நானே சொல்ல வேண்டாம். பெட்ரோல் வண்டியிலயும் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சுடத்தான் செய்யும், அதனால பெட்ரோல்காரங்களும் காலரைத் தூக்கிவிட்டுக்காதீங்க. சம்பா அறுப்பு முடியற வரைக்கும் மாசம் ஒரு தரம் அடியில குனிஞ்சு பாருங்க. முன்சக்கர இழுவைல ஷாஃப்ட் ரெண்டோட போச்சு. நாலு சக்கர இழுவைன்னா பின்னாடியும் சுத்தும்.

#5 டீசல்_துரை

» டீசல் வண்டின்னா அதுதான் எமன்

தம்பி பயமுறுத்தாதீங்க. அண்ணன் வாராவாரம் திருச்சி போறார். தஞ்சாவூர் திருச்சி நாலு வழிச்சாலைல ஒரு தரம் போயிட்டு வந்தாலே வடிகட்டி சுத்தம். எங்க வீட்டு டீசல்ல இதுவரைக்கும் அந்த லைட்டே எரியலை.

#6 லிஃப்டுக்கு_அடியில்

துரை அண்ணே, உங்க ஓட்டமே ஹைவே. உங்க வண்டியில எரியாதுதான். அண்ணன் வாரம் தவறாம போறதா இருந்தா ஒத்துக்கறேன். ஆனா கொள்முதல் சீசன்ல ஆலைக்காரர் ஆலையை விட்டு நகர முடியுமா? அந்த ரெண்டு மாசம்தான் வினை.

ஆட்புளூ பத்தியும் ஒரு வார்த்தை. டீசல்ல தனி டேங்க்ல ஊத்தற யூரியாக் கரைசல், 32.5 சதவீதம். "சொசைட்டியில மூட்டை கிடக்கே, கரைச்சு ஊத்திடலாமா"ன்னு ஒருத்தர் என்கிட்டயே கேட்டார். வயலுக்கு வர்ற யூரியா பூரா 2015ல இருந்து வேப்பெண்ணெய் பூசினது. அதைக் கரைச்சு ஊத்தினா எக்ஸாஸ்ட்ல இருக்கற மொத்த அமைப்புக்கும் சாவுமணி. சீல் போட்ட கேன்தான் வாங்கணும்.

#7 தஞ்சை_டாக்டரம்மா

நான் பழைய வால்வோ எக்ஸ்சி40 பெட்ரோல் ஓட்டறேன், நானேதான் ஓட்டறேன். ராத்திரி கேஸுக்குக் கூப்பிட்டா பாபநாசம், ஒரத்தநாடு வரைக்கும் போவேன். பெண்கள் யாரும் இந்த இழைல பேசலையேன்னு எழுதறேன்.

சார், பவர் எல்லாம் விடுங்க. டயரைப் பாருங்க. ரிம் பெரிசாக ஆக ரப்பர் மெலிசாகும். க்யூ3-ல் 235/55 ஆர்18. அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 129 மில்லிமீட்டர் ரப்பர். எக்ஸ்1-ல் 225/55 ஆர்18, சுமார் 124. ஜிஎல்ஏ ஏஎம்ஜி லைனோட 19 இன்ச் 235/50, அதுல 117 சொச்சம். ஷோரூம்ல 19 இன்ச்தான் அழகு. அம்மாப்பேட்டைப் பக்கம் பாலத்து முட்டுல, தண்ணி நின்னு பள்ளம் தெரியாத இடத்துல ஒரு சென்டிமீட்டர் ரப்பர் என்ன செய்யும்னு ரிம் வளைஞ்சவங்களைக் கேளுங்க.

அடுத்தது ஸ்டெப்னி. டயர்ல காத்து குறைஞ்சா காட்டற சென்சாரும் பஞ்சர் கிட்டும் குடுத்துட்டா ஸ்டெப்னி இல்லாமலே விக்கலாம்னு 2020ல சட்டத்தையே மாத்திட்டாங்க. டிக்கி பாயைத் தூக்கிக் கண்ணால பாருங்க. பக்கவாட்டுல கிழிஞ்ச டயரைக் கிட்டு ஒட்டாது. ராத்திரி ரெண்டு மணிக்குத் திருக்கருகாவூர் தாண்டி அந்தப் பசை டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு நின்னா அழுகைதான் வரும்.

அப்பாவுக்கு: ஷோரூம்ல உங்க அப்பாவையே உக்கார வைங்க. சேல்ஸ் பையன் உக்காந்து காட்டினா ஒண்ணும் தெரியாது. முட்டி வலி உள்ளவங்களுக்கு சீட் இடுப்பு மட்டத்துல இருக்கணும். உக்காந்தபடியே பக்கவாட்டுல திரும்பி ரெண்டு காலையும் உள்ள வைக்க முடியணும். கீழ இருக்கற படி உள்ள தள்ளி இருக்கணும், இல்லன்னா வேட்டிக் கரை பூரா சேறு. இறங்கறதுதான் ஏறறதை விடக் கஷ்டம், அதையும் நாலு தடவை செஞ்சு பார்க்கச் சொல்லுங்க.

#8 கூத்தாநல்லூர்_சிங்கை

சிங்கப்பூர்ல இருந்து எழுதறேன், வீடு கூத்தாநல்லூர். ஒருத்தரும் மின்சார வண்டியைச் சொல்லலையே? பிஎம்டபிள்யூவோட ஐஎக்ஸ்1 நீள வீல்பேஸ் 2025 ஜனவரியில 49 லட்சத்துக்கு வந்துச்சு. சென்னைக்குப் பக்கத்துல இருக்கற அவங்க ஆலையிலயே தயாராகுது. 66.4 யூனிட் பேட்டரி, 204 குதிரை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 2800 மில்லிமீட்டர். சாதா எக்ஸ்1-ல் அது 2692 தான். அந்த வித்தியாசம் முழுக்க பின்சீட்டுக் காலுக்குப் போகுது, உங்க அப்பாவுக்கு அதுதானே வேணும். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தினம் 16 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல், வடிகட்டின்னு ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?

#9 மன்னை_ஆலைக்காரன்

கூத்தாநல்லூர் பாய், நான் யோசிச்சேன். ஆலையில த்ரீபேஸ் இருக்கு, வசதிதான். வயக்காட்டுலயும் மோட்டாருக்குத் த்ரீபேஸ் இருக்கு, ஓசி கரண்ட்டு (ஆசையைப் பாருங்க, கை அங்கதான் போகுது). பயமா இருக்கறது சென்னைப் பயணமும் புயலும்தான். கஜா வந்தப்ப மன்னார்குடிப் பக்கம் வாரக்கணக்குல கரண்ட்டு இல்லாம ஜெனரேட்டர்ல தண்ணி இறைச்சவங்க நாங்க.

#10 அரசலாறு

விவசாய இணைப்பில் கார் சார்ஜ் போடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அது பம்புசெட்டுக்கு என்று அரசு இலவசமாகத் தரும் மின்சாரம். வேறு காரியத்துக்கு எடுத்தது தெரிந்தால் அபராதம், இணைப்பும் போகும். வீட்டு இணைப்பில் போட்டால் ஒரு முழு சார்ஜுக்கு 66 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது ஒன்றரை சார்ஜுக்குள் தீர்ந்துவிடும். பிறகு 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்கு மாறிக் கட்டணம் எகிறும். அப்படியும் பெட்ரோலைவிட மலிவுதான், அதை மறுக்கவில்லை.

#11 லிஃப்டுக்கு_அடியில்

மின்சார வண்டியில எனக்கு வேற ஒரு கவலை. வீல்பேஸ் 2800, அடியில பூரா பேட்டரி. நம்ம ஊர் வேகத்தடை எப்படின்னு தெரியும்ல, ஊர்க்காரங்களே ராத்திரியோட ராத்திரியா ஜல்லியும் சிமெண்டும் கொட்டிச் செங்குத்தா எழுப்பினது. வீல்பேஸ் நீளமாக ஆக நடு வயிறு தட்டற வாய்ப்பு கூடுது. இன்னோவாவுல அடி தட்டினா ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி உறையில தட்டினா செலவு வேற லெவல். எடுக்கறதுன்னா நாலு பேரை ஏத்திக்கிட்டு உங்க ஊர்த் தடை மேலயே டெஸ்ட் டிரைவ் கேளுங்க. திருச்சி ரோட்டுல ஓட்டிக் காட்டறதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

எலியை யாரும் சொல்லலையே? ஆலையில நிக்கற வண்டி வேற. தவிடும் குருணையும் தின்னு கொழுத்த எலி, எஞ்சின் சூட்டுக்குப் போய்ப் படுத்து வயரைக் கடிக்கும். இந்த வண்டிகள்ல ஒரு வயர் கொத்து மாத்தறது ரெண்டு மூணு நாள் வேலை. எலி கடிச்சதுக்குப் பணம் வருமான்னு பாலிசி எடுக்கும்போதே எழுத்துல கேளுங்க. உமித்தூசிக்கு ஏசி ஃபில்டரும் சீக்கிரமே அடைச்சுக்கும், கம்பெனி சொன்ன கெடு வரைக்கும் காத்திருக்காதீங்க.

#12 காரைக்கால்_காத்து

எல்லாரும் வரியைப் பத்திப் புலம்பறீங்க. எங்க ஊர்ல பிஒய்-02னு புதுச்சேரிப் பதிவு எண் போட்டா வரி எவ்வளவோ கம்மி. மன்னார்குடியில இருந்து எட்டிப் பிடிக்கற தூரம். ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டா வேலை முடிஞ்சுது.

#13 அரசலாறு

தம்பி, இதை இங்கே எழுதாதீர்கள். குடியிருக்காத ஊரில் முகவரி காட்டிப் பதிவு செய்து கேரளத்தில் பெரிய பெரிய சினிமாக்காரர்களே வழக்கைச் சந்தித்தார்கள். வேறு மாநிலப் பதிவு வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் மறுபதிவு செய்ய வேண்டும், அது மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு. மன்னார்குடியில் ஆலை வைத்திருப்பவர் பிஒய் எண்ணோடு தினமும் அதே கேட்டில் நின்றால் யாருக்குத் தெரியாது?

ஆலைப் பேரில் எடுக்க நினைத்தால்: காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம் காட்டலாம். உங்கள் ஆடிட்டர் இதைத்தான் சொல்வார்.

#14 வெட்டாறு

பஞ்சாயத்து முடிஞ்சுதா? நான் ஒரு குறுக்குக் கேள்வி. சொகுசு பேட்ஜ் கண்டிப்பா வேணுமா? ஸ்கோடா கோடியாக் 2025 ஏப்ரல்ல புதுசா வந்திருக்கு. அதுலயும் 2.0 லிட்டர் பெட்ரோல், 204 குதிரை, அதே 320 நியூட்டன் மீட்டர், நாலு சக்கர இழுவை, ஏழு சீட்டு. க்யூ3-க்கும் அதுக்கும் ரத்த சம்பந்தம். விலையும் அதே வட்டாரம், இடம் ரெண்டு மடங்கு. முன்னாடி ரெண்டு சீட்டுலயும் குளிர்காத்து வரும். அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் வெயில்ல நின்ன வண்டியில உக்காரும்போது அதோட அருமை தெரியும். மேல கண்ணாடிக் கூரையைத் திறந்து வைகாசி வெயிலை உள்ள வாங்கறதுல என்ன சொகுசுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

#15 டீசல்_துரை

அண்ணன் பையன் ஸ்கோடா வாங்கித் தரவா பிடிவாதம் பிடிக்கறான் :) நாலு வளையமோ நட்சத்திரமோ முன்னாடி இருக்கணும். கல்யாணத்துக்குப் போனா மண்டபத்து வாசல்ல நிறுத்தச் சொல்லுவான், அதுக்குத்தான் காசு.

#16 வெட்டாறு

அதுவும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை.

#17 தஞ்சை_டாக்டரம்மா

பட்ஜெட்டைத் தாண்டறதா இருந்தா எக்ஸ்சி60 பத்தி. அதோட யூரோ என்கேப் மோதல் சோதனை 2017ல நடந்தது, பெரியவங்க பாதுகாப்புல 98 சதவீதம். ஏர் சஸ்பென்ஷன், முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி வேகத்தைத் தானே மாத்திக்கற ரேடார் வச்ச குரூஸ் கன்ட்ரோல், 8 கியர் சாதாரண ஆட்டோமேட்டிக். 2025 ஆகஸ்ட்ல புது முகத்தோட 71.9 லட்சத்துக்கு வந்தது, ஆன்ரோடு உங்க கணக்கை ரொம்பவே தாண்டும். ரேடார் குரூஸ் விக்கிரவாண்டி ரோட்டுல அருமை. ஆனா நம்ம கிராமத்து ரோட்டுல ஆட்டு மந்தை, கரும்பு டிராக்டர், எதிர்ப்பக்கம் வர்ற டூவீலர், எல்லாத்துக்கும் சடன் பிரேக் அடிக்கும். பின்னாடி வர்றவன் நம்மளைத் திட்டுவான். நான் ஊருக்குள்ள அணைச்சுடுவேன்.

இன்னொரு விஷயம், வாங்கறதுக்கு முன்னாடி யாரும் யோசிக்கறதில்லை: ஏசி குமிழ். வால்வோ, எக்ஸ்1 ரெண்டுலயும் ஏசி முழுக்க திரைக்குள்ள. க்யூ3, ஜிஎல்ஏ ரெண்டுலயும் கையால தொட்டுத் திருப்பற, அழுத்தற பட்டன் இருக்கு. அம்மாவுக்குக் காத்து ஒத்துக்கலைன்னா பயணம் பூரா அதைத்தான் மாத்திக்கிட்டே இருப்பீங்க. குலுங்கற ரோட்டுல திரையில விரல் ஒரு இடத்துல நிக்காது.

#18 மன்னை_ஆலைக்காரன்

திருச்சி போய்ப் பார்த்துட்டு வந்தாச்சு. அப்பா, அம்மா, அளவு டேப்பு, மூணையும் கூட்டிக்கிட்டுப் போனேன். ஷோரூம் பையன் டேப்பைப் பார்த்து மிரண்டுட்டான்.

ஜிஎல்ஏ: உள்ளே நகைக்கடை மாதிரி. அம்மாவுக்கு அதுதான் பிடிச்சது. ஆனா வாசல் மேல்விளிம்பு அப்பா தலைக்கு இடிக்குது, குனிஞ்சுதான் ஏறணும். குனிஞ்சா முட்டி மடங்குது, "ஸ்ஸ்"ன்னார். அத்தோட அது போச்சு.

எக்ஸ்1 டீசல்: ஓட்ட ஆசையா இருந்தது, பொய் சொல்லலை. இழுக்கற இழுவை மூணுல இதுதான் டாப். முன்சீட்டுல முதுகு பிடிச்சு விடற வசதி வேற. அம்மா ஏசியைக் குறைக்கச் சொன்னாங்க. திரையில தேடி நான் குறைக்கறதுக்குள்ள அவங்க முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டாங்க. லிஃப்ட் தம்பி சொன்ன 4 கிலோமீட்டர் கணக்கும் மண்டைக்குள்ளயே ஓடுச்சு.

க்யூ3: பின்சீட்டு முன்னும் பின்னும் நகருது, சாய்ஞ்சும் குடுக்குது. கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளி வச்சதும் அப்பா பக்கவாட்டுல உக்காந்து காலைத் தூக்கி உள்ள வச்சுக்கிட்டார், யாரும் பிடிக்கலை. இறங்கறப்பவும் கதவைப் பிடிச்சு அவராவே இறங்கினார். டிக்கி 530 லிட்டர்னு போட்டிருக்கான், சீட்டைப் பின்னாடி தள்ளினா குறையும், ஆனா ஏர்போர்ட்டுக்கு ரெண்டு பெட்டி தாராளம். குறைன்னா, உள்ளே புதுமை ஒண்ணும் கிடையாது. ரேடார் குரூஸ் இல்லை. சீட்டுல குளிர்காத்து இல்லை. பையன் ஃபோன்ல "இது போன தலைமுறை டிசைன்ப்பா"ங்கறான்.

ஐஎக்ஸ்1 பின்சீட்டு கால் இடம் அரண்மனை, பாய் சொன்னது நிஜம். ஆனா தரை உசந்திருக்கறதால அப்பா உக்காந்தா முட்டி மேல தூக்கிக்கிட்டு நிக்குது, தொடைக்கு அடியில சீட்டு தாங்கலை.

கோடியாக் பார்க்கப் போகலை, துரை சொன்ன காரணம்தான்.

#19 கூத்தாநல்லூர்_சிங்கை

தரை உயரம் நான் யோசிக்காதது. பேட்டரி அடியில இருக்கற எல்லா வண்டியிலயும் இது வரும் போல. ஆலைக்குப் போய் வர இன்னொரு சின்ன மின்சார வண்டி எடுத்துடுங்க அண்ணே, ரெண்டு பிரச்சினையும் தீர்ந்துது.

#20 வெட்டாறு

பையன் சொன்னது சரி. புதுத் தலைமுறை க்யூ3-யை 2025 ஜூன்ல வெளிநாட்டுல காட்டிட்டாங்க. அதனாலதான் சொல்றேன், இப்ப கையில இருக்கற ஸ்டாக்குக்கு லிஸ்ட் விலை குடுக்காதீங்க. "புதுசு வரப்போகுதாமே"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டு டீயைக் குடிங்க. குறையும். விக்கும்போது பழைய மாடலா நிக்கும், அந்த நஷ்டத்தை இப்பவே தள்ளுபடியா வாங்கிடணும். நீங்க வண்டியைப் பத்து வருஷம் வச்சு ஓட்டற ஆளுன்னா அதுவும் பெரிய விஷயம் இல்லை.

#21 மன்னை_ஆலைக்காரன்

கிரிஸ்டாவையே இன்னும் குடுக்க மனசில்லாம வச்சிருக்கேன், நான் எப்படிப்பட்ட ஆளுன்னு பார்த்துக்குங்க. க்யூ3 முக்கால்வாசி முடிவு. கிரிஸ்டா ஆலை நடைக்கு இருக்கட்டும்.

சர்வீஸ் கேட்டேன். எல்லாத்துக்கும் "இருக்கு சார், இருக்கு சார்"ங்கறாங்க. என்ன கேட்கணும் அவங்ககிட்ட?

#22 லிஃப்டுக்கு_அடியில்

மூணு கேள்வி எழுத்துல கேளுங்க. எந்த ஊர் ஒர்க்‌ஷாப்புல பெரிய வேலை, அதாவது கியர்பாக்ஸ், ஏர்பேக், பெயின்ட், செய்வாங்க? சில ஊர்ல ஆயில் மாத்தறது மட்டும்தான். வண்டி மன்னார்குடியில நின்னா அதை ஏத்திட்டுப் போற பிளாட்பெட் லாரி எங்க இருந்து வரும், எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம்? முன் கண்ணாடி, டயர், முன் பம்பர் ஸ்டாக்ல இருக்கா, இல்ல ஆர்டர் போட்டா வருமா? பதில் "பார்த்துச் சொல்றோம்"னு வந்தா அதுவே பதில்.

இன்சூரன்ஸ்ல எஞ்சின் பாதுகாப்பு சேர்க்காம எடுக்காதீங்க. ஐப்பசி கார்த்திகைல தண்ணி நிக்கற ரோட்டுல எஞ்சின் தண்ணி குடிச்சு நின்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பண்ணினா கனெக்டிங் ராடு வளையும், சாதா பாலிசியில கை விரிச்சிடுவாங்க. டயர் கவரும் சேருங்க, டாக்டரம்மா சொன்ன பாலத்து முட்டு இருக்கே.

டெலிவரிக்கு முன்னாடி ஸ்டாக்யார்டுலயே போய்ப் பாருங்க. பழைய ஸ்டாக்கா இருக்க வாய்ப்பு அதிகம். டயர் பக்கவாட்டுல நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 1425ன்னா 2025ல 14-ஆவது வாரம் செஞ்ச டயர். நாலு டயரும் ஒட்டி ஒட்டி வரணும். ஒண்ணு மட்டும் தனியா இருந்தா ஏன்னு கேளுங்க. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தூண்ல இருக்கற பிளேட்டையும் பாருங்க, வண்டி தயாரான தேதியை பில்லோட ஒத்துப் பாருங்க.

#23 அரசலாறு

பேரம் முடிந்ததும் கொட்டேஷனை இங்கே போடுங்கள். கையாளும் கட்டணம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அதை அடிக்கச் சொல்லலாம். இன்சூரன்ஸையும் அவர்களிடமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

#24 மன்னை_ஆலைக்காரன்

சரிங்க ஐயா. வெள்ளிக்கிழமை பேசப் போறேன். வெள்ளையா நீலமான்னு வீட்டுல இன்னும் முடிவாகலை. அப்பா வெள்ளைதான்ங்கறார், வெயிலுக்குச் சூடு ஏறாதாம். பையன் கேக்கற நீலம் ஸ்டாக்ல இல்லைன்னு இப்பதான் ஃபோன் வந்தது.

#25 டீசல்_துரை

அப்ப வெள்ளைதான். வண்டி வந்ததும் வடுவூர்ப் பக்கம் ஒரு நடை போட்டுட்டு மைலேஜ் எழுதுங்க அண்ணே, பெட்ரோல்காரங்க யாரும் உண்மையைச் சொல்ல மாட்டேங்கறாங்க.